128 ஜிபி எதுக்குத் தம்பி? பிரெயில் கருவிக்கு மெமரி கார்டு வாங்குவது

பூந்தமல்லி பார்வையற்றோர் பள்ளியில் படித்து இப்போது கல்லூரியில் இரண்டாம் வருஷம் இருக்கும் ஒரு பையன் போன வாரம் போன் செய்தான். அவனுக்கு ஆர்பிட் ரீடர் 20 கிடைத்திருக்கிறது; விரலால் தடவிப் படிக்க 20 பிரெயில் கட்டம் கொண்ட கருவி. "அண்ணா, கார்டு வாங்கணும். 128 ஜிபி போதுமா, இல்ல 256 போயிடலாமா?" என்றான். பையன் தமிழ் இலக்கியம் படிக்கிறான். சங்க இலக்கியம் மொத்தத்தையும் உரையோடு பிரெயிலில் ஏற்றினாலும் ஒரு ஜிபியில் பாதிகூட நிரம்பாது. சிரிப்பு வந்தது. ஆனால் பத்து வருஷத்துக்கு முன் நானும் இதே தப்பைச் செய்தவன்தான் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

முதலில் அளவுக் கணக்கைப் பார்த்துவிடுவோம். பாதிக் குழப்பம் இதிலேயே தீர்ந்துவிடும்.

பிரெயில் புத்தகங்கள் பார்வையற்ற நமக்குப் பெரும்பாலும் பிஆர்எஃப் ஃபைலாக வருகின்றன. அதில் ஒரு பிரெயில் கட்டத்துக்கு ஒரு பைட். வழக்கமான பிரெயில் பக்கம் ஒன்றில் வரிக்கு 40 கட்டம், 25 வரி. ஆக, ஆயிரம் கட்டம். ஒரு பக்கம் ஒரு கேபி என்று வைத்துக்கொள்ளலாம். 500 பக்கப் புத்தகம் அரை எம்பி. பழைய 8 ஜிபி கார்டு ஒன்றில் இப்படிப் பதினாறாயிரம் புத்தகம் போகும். தினம் ஒன்று முடித்தாலும் 43 வருஷம் ஆகும்.

தமிழுக்கு இன்னொரு வேடிக்கை உண்டு. கணினியில் யூனிகோடில் 'கி' என்று எழுதினால் ககரத்துக்கு 3 பைட், இகரக் குறிக்கு 3 பைட், மொத்தம் 6. இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெயிலில் அதே 'கி' இரண்டு கட்டம். பிஆர்எஃபில் இரண்டே பைட். கண்ணால் படிப்பவர்களின் தமிழ் நம்முடையதைவிட மூன்று மடங்கு இடம் பிடிக்கிறது. காகிதத்தில் கதை தலைகீழ் என்பது நமக்குத் தெரியும். ஒரு பாடப்புத்தகத்துக்கு எத்தனை மூட்டை தூக்கினோம் என்பது தோளுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஒலிப் புத்தகம் வைத்துக் கேட்கும் கருவி என்றால் கணக்கு மாறும். 64 கேபிபிஎஸ் எம்பி3 ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 29 எம்பி. பத்து மணி நேரப் புத்தகம் 290 எம்பிக்குப் பக்கம். வகுப்பைச் சுருக்காமல் வேவ் ஃபைலாகப் பதிவு செய்தால், ஸ்டீரியோவில் நிமிடத்துக்கு 10 எம்பி போகும். அப்படிப் பதிகிறவருக்கு 32 ஜிபியும் சில மாதங்களில் நெருக்கடியாகத்தான் இருக்கும். ஆனால் ஆர்பிட் ரீடர் 20 பேசாது, பாடாது, பதிவும் செய்யாது. அதற்கு 128 ஜிபி என்பது ஒற்றை ஆள் தங்க எல்ஐசி கட்டடத்தை வாடகைக்குப் பிடிப்பது போல.

இடம் வீணாவது மட்டும் என்றால் கூடப் பரவாயில்லை, காசு நம்முடையது என்று விட்டுவிடலாம். பெரிய கார்டு பல கருவிகளில் வேலையே செய்யாது. எஸ்டி கார்டில் மூன்று தலைமுறைகள் புழக்கத்தில் இருக்கின்றன. 2 ஜிபி வரை சாதா எஸ்டி. அதற்கு மேல் 32 ஜிபி வரை எஸ்டிஎச்சி, 2006இல் வந்தது. அதற்கும் மேலே எஸ்டிஎக்ஸ்சி, 2009இல் வந்தது. முதல் வகை ஃபாட்16, இரண்டாவது ஃபாட்32, மூன்றாவது எக்ஸ்ஃபாட் என்ற முறையில் ஃபைல்களை அடுக்கும். ஆர்பிட் ரீடர் 20 கேட்பது ஃபாட்32, 32 ஜிபி வரை. பிரெயிலில் குறிப்பெடுக்கும் பிரெயில்நோட் ஏபெக்ஸ் காலத்துக் கருவிகளுக்கும் எஸ்டிஎச்சிதான் எல்லை. 64 ஜிபி கார்டைச் செருகினால் கருவி கார்டு இல்லை என்று சொல்லலாம், அல்லது எதுவுமே சொல்லாமல் உட்கார்ந்திருக்கலாம். கண் தெரிந்தவர் திரையில் ஒரு பிழைச் செய்தியைப் பார்த்துக்கொள்வார். 20 கட்டத்தை வைத்துக்கொண்டு நாம் கருவி கெட்டதா, கார்டு கெட்டதா, நம் விரல் கெட்டதா என்று அரை நாள் தடவிக்கொண்டிருப்போம்.

64 ஜிபி கார்டையே ஃபாட்32ஆக ஃபார்மேட் செய்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் பெட்டி பல வருஷங்களாக 32 ஜிபிக்கு மேல் ஃபாட்32 தரவில்லை. தனி மென்பொருள் போட்டுத்தான் செய்ய வேண்டியிருந்தது. கையில் வேறு கார்டு இல்லாதவருக்கு அது வழி. புதிதாகக் காசு கொடுத்து வாங்குகிறவர் அந்தத் தலைவலியை எதற்குச் சேர்த்து வாங்க வேண்டும்?

பெரிய கார்டுக்கு எதிராக நான் சொல்லும் இன்னொரு காரணத்தைப் பையன் எதிர்பார்க்கவில்லை. கார்டில் ஆயிரம் புத்தகம் இருந்தால் நம் விரலுக்குக் கீழே வருவது ஒரு நேரத்தில் ஒரே ஒரு பெயர். திரையில் நாற்பது பெயரை ஒரே பார்வையில் மேய்வது போல முடியாது. அம்புக்குறியை அமுக்கி அமுக்கி ஒவ்வொரு பெயராகத் தடவிப் போக வேண்டும். ஃபோல்டர் பிரித்து வைப்பேன் என்று எல்லோரும் சொல்கிறோம். பார்வையற்றோருக்கான இணைய நூலகமான சுகம்யா புஸ்தகாலயாவில் இருந்து ஆசையாக இறக்கியதை எல்லாம் கடைசியில் ஒரே இடத்தில் கொட்டி வைக்கிறோம். கார்டு சின்னதாக இருந்தால் கை கொஞ்சம் அடங்கும்.

சரி, 8, 16, 32 இவற்றில் எது? 8 ஜிபி தாராளம். ஆனால் நல்ல கம்பெனியின் புது 8 ஜிபி கார்டு கடையில் கிடைப்பது இப்போது குதிரைக் கொம்பு. கிடைப்பது எந்தக் காலத்துச் சரக்கோ என்ற சந்தேகமும் வரும். 16 கிடைத்தால் 16. இல்லாவிட்டால் 32. இரண்டுக்கும் விலை வித்தியாசம் ரெண்டு காபிக்குத் தாண்டாது.

அடுத்தது வடிவம். என் பார்வையில் அளவைவிட இதுதான் முக்கியம்.

முழு எஸ்டி கார்டு 32 மில்லிமீட்டர் நீளம், 24 அகலம், 2.1 கனம். ஏறக்குறைய ஒரு தபால்தலை. மைக்ரோ எஸ்டி 15க்கு 11, கனம் ஒரு மில்லிமீட்டர்; சுண்டுவிரல் நகம். கடைக்காரரிடம் எஸ்டி கார்டு என்று கேட்டால் பத்துக்கு ஒன்பது பேர் மைக்ரோ எஸ்டியை அடாப்டரோடு எடுத்து வைப்பார்கள். "ரெண்டும் ஒண்ணுதான் சார், இதுன்னா போன்லயும் போட்டுக்கலாம்." மின்சாரக் கணக்கில் அவர் சொல்வது சரி. அடாப்டருக்குள் மூளை எதுவும் இல்லை, ஒரு கம்பியில் இருந்து இன்னொரு கம்பிக்குப் பாலம், அவ்வளவுதான்.

விரலுக்கு ரெண்டும் ஒண்ணு இல்லை. முழு எஸ்டி கார்டைக் கையில் எடுத்தால் ஒரு மூலை வெட்டியிருப்பது உடனே தெரியும். ஸ்டிக்கர் ஒட்டிய வழவழப்பான பக்கம் மேலே, வெட்டிய மூலை வலது கை ஓரம் என்று பிடித்தால் செருக வேண்டிய முனை முன்னால் இருக்கும். இடது விளிம்பில் நகத்துக்கு அகப்படுகிற ஒரு சின்னப் பூட்டு. கீழ்ப்பக்கம் வரிவரியாக இருப்பது மின்தொடர்புத் தகடுகள். அந்த வரிகளைத் தடவித்தான் நாங்கள் முதலில் பக்கம் கண்டுபிடிக்கப் பழகினோம். அது கெட்ட பழக்கம். தொடவே கூடாது என்று சொல்லும் இடம் அது ஒன்றுதான். சென்னை வெயிலில் வேர்த்த விரலின் உப்பு, பெசன்ட் நகர்ப் பக்கம் குடியிருந்தால் கடற்காற்றின் உப்பு, ரெண்டும் அந்தத் தகடுகளில்தான் போய்ப் படியும். வெட்டிய மூலையை நம்புங்கள்; வரிகளை விட்டுவிடுங்கள்.

மைக்ரோ எஸ்டியில் இந்த வசதி எதுவும் இல்லை. பக்கவாட்டில் ஒரு நெளிவு, ஒரு முனையில் கொஞ்சம் தடித்த விளிம்பு. பொறுமையாக உட்கார்ந்தால் கண்டுபிடிக்கலாம். மாநகரப் பேருந்தில் நின்றுகொண்டு முடியாது. கீழே விழுந்தால் சத்தமும் கேட்காது. என் கைநழுவிப் போன மைக்ரோ எஸ்டி ஒன்று இன்னும் எங்கள் வீட்டுக் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. துடைப்பத்தோடு வந்த அம்மா, "ரெண்டு நாளா தேடுற சாமானா இது, அரிசி மாதிரி இருக்குமா?" என்று கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான்.

அடாப்டரில் இன்னொரு தொந்தரவு. தொடர்பு விட்டுப்போக ஒரு இடத்துக்குப் பதில் இரண்டு இடம். கொசுறாக வரும் அடாப்டர்களில் பக்கவாட்டுப் பூட்டு தொளதொள என்று இருக்கும். செருகும்போது அது நகர்ந்து பூட்டு நிலைக்குப் போய்விட்டால் கருவி படிக்கும், எழுதாது. ஒரு கூட்டத்தில் குறிப்பெடுக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டு, முதல் அரை மணி நேரம் ஒன்றுமே பதியாமல் நான் விழித்தது இதனால்தான். கார்டில் இடமில்லை போல என்று நினைத்து பழைய ஃபைல்களை அழிக்கப் பார்த்தேன். அழிக்கவும் முடியவில்லை. பூட்டு என்று தோன்றவே நேரமாகிவிட்டது.

அதே பூட்டு நல்ல முழு கார்டில் இறுக்கமாக இருந்தால் வரம். பாடப்புத்தகங்களை எல்லாம் ஏற்றிவிட்டுப் பூட்டிவிட்டால், தூக்கக் கலக்கத்தில் எந்தக் கட்டளையை அமுக்கினாலும் எதுவும் அழியாது. அந்தப் பூட்டு கார்டுக்குள் எதையும் மாற்றுவதில்லை. பூட்டு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைத் துளைதான் உணர்ந்து எழுத மறுக்கிறது. அதனால் நம் கருவி அதை மதிக்கிறதா என்று ஒரு முறை சோதித்துக்கொள்ள வேண்டும்.

மைக்ரோ எஸ்டிக்குச் சாதகமாக ஒன்று சொல்லியே ஆக வேண்டும். வீட்டில் கணினி இல்லை, போனில் கார்டுத் துளை இருக்கிறது என்றால், போனில் புத்தகம் இறக்கி, கார்டைக் கழற்றி, அடாப்டரில் போட்டு ஆர்பிட்டில் செருகலாம். மாணவர்கள் பலருக்கு இதுதான் நிலைமை. அப்போது மைக்ரோவே சரி. அடாப்டரை மட்டும் கொசுறை நம்பாமல் நல்லதாகத் தனியாக வாங்கட்டும். கணினி இருந்தால் அந்தச் சிரமமும் வேண்டாம். கருவியையே யுஎஸ்பி ஒயரில் மாட்டினால் கார்டு ஒரு பென்டிரைவ் போலத் தெரியும். ஆண்ட்ராய்டில் ஓடும் புதிய, விலை கூடிய நோட்டேக்கர்கள் (குறிப்பெடுக்கும் பிரெயில் கருவிகள்) சிலவற்றில் மைக்ரோ எஸ்டித் துளைதான் இருக்கிறது. அங்கே நமக்குத் தேர்வு கிடையாது. அந்தக் கருவிகள் பெரிய கார்டையும் ஏற்கும் என்பதால் மேலே போட்ட கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது.

வேகத்தைப் பற்றி அதிகம் பேச ஒன்றும் இல்லை. கிளாஸ் 4 என்றால் விநாடிக்குக் குறைந்தது 4 எம்பி எழுதும் என்று அர்த்தம், கிளாஸ் 10 என்றால் 10 எம்பி. நம்மில் வேகமாக எழுதுகிறவர் விநாடிக்குப் பத்து கட்டம் அடித்தால் அது பத்து பைட். யு3, வி30 எல்லாம் வீடியோ எடுப்பவர்களுக்கு. ஏ1, ஏ2 என்பவை கார்டில் இருந்தே ஆப்களை ஓட்டுகிறவர்களுக்கு. காருக்குள் கேமரா வைப்பவர்களுக்கு என்று விற்கும் ஹை எண்டியூரன்ஸ் கார்டும் நமக்கு வேண்டாம். ராத்திரி பகலாக அழித்து எழுதும் வேலைக்குச் செய்தது அது. கடையில் இருப்பதில் எது விலை குறைந்த வேக வகையோ அது போதும்.

விலை குறைந்தது என்று நான் சொன்னது வேக வகையில், அசலில் இல்லை. டூப்ளிகேட் கார்டைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், அடிபட்டவன் என்பதால்.

பத்து வருஷத்துக்கு முன் பாதி விலைக்கு ஒரு 64 ஜிபி கார்டு வாங்கினேன். கடை எது என்பது இங்கே வேண்டாம். அப்போது என்னிடம் இருந்தது பெரிய கார்டையும் படிக்கும் வேறு கருவி. மூன்று மாதம் நன்றாகவே ஓடியது. ஒருநாள் ஒரு புத்தகத்தைத் திறந்தேன், காலி. அடுத்தது, காலி. பெயர்கள் எல்லாம் வரிசையாக இருக்கின்றன, உள்ளே ஒன்றும் இல்லை. சில ஃபைல்களில் வேறு புத்தகத்தின் நடுப்பக்கம் வந்தது. பேய் பிடித்த கார்டு என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நடந்தது இதுதான். உள்ளே உண்மையில் இருந்தது சில ஜிபி மட்டும். கார்டின் கட்டுப்பாட்டுச் சில்லை மட்டும் 64 என்று பொய் சொல்லும்படி மாற்றியிருந்தார்கள். உண்மையான இடம் தீர்ந்ததும் புதிதாக எழுதுவது காற்றில் போகும், அல்லது பழையதன் மேலேயே போய் விழும். ஃபைல் பெயர்ப் பட்டியல் பெரும்பாலும் கார்டின் ஆரம்பப் பகுதியில், அதாவது உண்மையான இடத்தில் இருப்பதால், பெயர் மட்டும் அழியாமல் நிற்கிறது. கொஞ்சமாக எழுதுகிற நம்மைப் போன்றவர்களிடம் இந்த ஏமாற்று தெரியவே மாதக்கணக்காகும். கேமராக்காரர் முதல் கல்யாணத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

கண்டுபிடிக்க எச்2டெஸ்ட்டபுள்யூ என்று விண்டோஸுக்கு ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு எஃப்3. கார்டு முழுவதையும் தானே நிரப்பி, திரும்பப் படித்து, எழுதியதும் படித்ததும் ஒன்றா என்று பார்க்கும். திரையைப் படித்துச் சொல்லும் என்விடிஏ வைத்தே ஓட்டிவிடலாம், பொத்தான்கள் நாலைந்துதான். 32 ஜிபிக்கு ஒரு மணி நேரம் முன்னே பின்னே ஆகும். போட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாம். கார்டில் ஏற்கெனவே ஏதாவது இருந்தால் முதலில் எடுத்து வைத்துவிட வேண்டும். இந்தச் சோதனையை வாங்கிய அன்றே செய்ய வேண்டும், பில் கையில் இருக்கும்போதே. சின்ன கார்டுக்கு இதிலும் ஒரு லாபம்: 256 ஜிபியைச் சோதிக்க உட்கார்ந்தால் ராத்திரி போய்விடும்.

பெட்டியின் மேலே இருக்கும் அச்சைப் படிக்க சீயிங் ஏஐ, லுக்அவுட் போன்ற ஆப்கள் உதவும். கொள்ளளவு, எஸ்டிஎச்சியா எஸ்டிஎக்ஸ்சியா என்பது வரை சொல்லிவிடும். அசலா போலியா என்பதை அது சொல்லாது.

கார்டே வேண்டாம், பென்டிரைவ் போதுமே என்று சிலர் கேட்பார்கள். ஏபெக்ஸ் போன்ற கருவிகளில் பென்டிரைவ் செருகலாம். ஆர்பிட் 20இல் முடியாது. அதன் யுஎஸ்பி துளை கணினியோடு இணைக்க. முடிகிற கருவியிலும் பென்டிரைவ் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பையில் போட்டால் இடிபடும். ஃபைலைக் கொண்டுபோய்க் கொடுக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். பழைய பிரெயில்நோட் எம்பவர் இன்னும் வைத்திருக்கும் பெரியவர்கள் ஒன்றிரண்டு பேரை எனக்குத் தெரியும். அதற்குக் காம்பேக்ட் ஃபிளாஷ் என்ற பட்டையான கார்டு வேண்டும். துளைக்குள் 50 ஊசிகள் நிற்கும்; கோணலாகச் செருகினால் ஊசி வளையும், வளைந்தால் கருவியே போச்சு. அவர்கள் இருக்கிற கார்டைக் கழற்றாமல் வைத்துக்கொள்வது நல்லது.

பையனிடம் கடைசியாகச் சொன்னது: ஒரு பெரிய கார்டுக்குப் பதில் இரண்டு சின்ன கார்டு. ஆர்பிட் 20க்கு உள்நினைவகம் என்று ஒன்று இல்லை. கார்டு போனால் குறிப்பு, புத்தகம் எல்லாம் போச்சு. எழுதிக்கொண்டிருக்கும்போது கார்டை இழுத்தாலோ பேட்டரி தீர்ந்தாலோ ஃபைல் பட்டியல் குலையலாம். செமஸ்டருக்கு முந்தின நாள் இது நடக்காது என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். வாரம் ஒருமுறை ஒன்றில் இருப்பதை இன்னொன்றுக்கு நகல் எடுத்து, அதை வீட்டிலேயே வைத்துவிட வேண்டும்.

இரண்டையும் பிரித்து அறிய கார்டின் மேல் பிரெயில் ஸ்டிக்கர் ஒட்டிவிடாதே என்றும் சொன்னேன். துளைக்குள் சிக்கிக்கொண்டால் இடுக்கியோடு யாரையாவது தேட வேண்டும். கார்டின் டப்பாவில் ஒட்டலாம். கார்டிலேயே அடையாளம் வேண்டும் என்றால், வெளியே நிற்கும் பின்விளிம்பில் நகவெட்டி அரத்தால் மெல்லிசாக ஒரு கீறல் போதும். என்னுடையதில் ஒரு கீறல் வேலைக்கு, இரண்டு கீறல் கதைக்கு.

சனிக்கிழமை இருவரும் அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி ரிச்சி தெருவுக்குப் போனோம். ஞாயிறு பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். மற்ற நாட்களில் நடைபாதை முழுக்க பைக்குகள், வெள்ளைக்கோலுக்கு அங்கே வழி கிடையாது. ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்துக்கொண்டுதான் போனோம். நாலு கடையில் மைக்ரோ எஸ்டியைத்தான் நீட்டினார்கள். ஐந்தாவது கடைக்காரர் உள்ளே போய் கேமரா சாமான்களோடு கிடந்த 32 ஜிபி முழு கார்டு இரண்டை எடுத்து வந்தார். 16 இல்லை. பையன் ஒன்றைப் பிரித்து, வெட்டிய மூலையைத் தேடிப் பிடித்து, வரிகளைத் தொடாமல் ஆர்பிட்டில் செருகிப் பார்த்தான்.

"இதுக்கு யாரு தம்பி இப்ப வர்றா, போட்டோகிராஃபரா?" என்றார் கடைக்காரர்.

"பிஏ தமிழ்ணே," என்றான் பையன். பில்லைக் கேட்டு வாங்கிக்கொண்டோம்.